துரைசானி கழுத்தில் செம்பருத்திப் பாடம்

பூவின் உறுப்புகள் என்னென்ன என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் எனக்கு முதலில் இங்கிலீஷில்தான் வாயில் வரும். செப்பல், பெட்டல், ஸ்டேமன், பிஸ்டில். தமிழில் புல்லி, அல்லி என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர் இருப்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, பூக்காரிகளின் கூச்சலில் கண் விழித்தவளுக்கு இது வெட்கக்கேடுதான். என்னைப் படிக்க வைத்தவர்கள் அப்படிப் படிக்க வைத்தார்கள், நான் என்ன செய்ய?

முப்பதுகளில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். கோவில் குளத்துக்கும் சாந்தோம் கடற்கரைக்கும் நடுவில், டிராம் சத்தம் லேசாகக் காதில் விழும் ஒரு சந்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. மாட வீதிகளிலிருந்து பட்டுப்பாவாடையும் ஜடைகுஞ்சலமுமாக ஒரு கூட்டம் வரும். கடற்கரைக் குப்பத்திலிருந்து கழுத்தில் சிலுவைக் கயிறும், காலில் மணலுமாக இன்னொரு கூட்டம் வரும். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து நான் இயற்கைப் பாடம் நடத்த வேண்டும். அதுவும் இங்கிலீஷில், ஒரு தமிழ் வார்த்தை கூடக் கலக்காமல்.

அப்போது நேர்முறை என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. பொருளைக் கையில் எடுத்துக் காட்டி அதன் பெயரை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். குழந்தை அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் தமிழே கூடாது. எங்கள் தலைமையாசிரியைக்கு இந்த முறையின் மேல் அப்படி ஒரு பக்தி. வகுப்பில் ஒரு தமிழ் வார்த்தை கேட்டால் போதும், எந்த மூலையில் இருந்தாலும் வந்து நிற்பாள். பேசிய பெண் பெஞ்சுமேல் ஏற வேண்டும். பேசியது டீச்சராக இருந்தால் பெஞ்சுமேல் ஏற்ற முடியாதே, அதனால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பெஞ்சே தேவலை.

பாடப் புத்தகமோ சீமையில் அச்சடித்தது. அதில் இருந்த மரம், செடி, பூ ஒன்றைக்கூட நானே பார்த்ததில்லை. பனி உருகினதும் பூக்கிற மஞ்சள் பூவாம். எங்கள் ஊரில் பனி எங்கே, உருகுவது எங்கே? மார்கழி விடியலில் மப்ளர் சுற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகிறவர்களைப் பார்த்ததுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர். ஒரு வாரம் அந்தப் பூவோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். அப்புறம் புத்தகத்தை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டு, "நாளைக்கு ஆளுக்கு ஒரு செடி, வேரோடு கொண்டு வாருங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். வேரைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் என் வகுப்பு கொத்தவால் சாவடிச் சந்தை ஆகிவிட்டது. கீரைக்கட்டு, கொத்தமல்லி, வெங்காயத் தாள், வாசலில் பிடுங்கிய அருகம்புல். வடக்கு மாட வீதியிலிருந்து வருகிற ஒரு பெண், துளசிச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். துளசியை வேரோடு பிடுங்கினால் பாவம் என்று அவளுக்குத் தெரியும். டீச்சர் வேரோடு கேட்டதும் தெரியும். இரண்டுக்கும் பங்கம் வராமல் யோசித்துத் தொட்டியையே கொண்டுவந்த அந்த மூளையை நான் மெச்சினேன். அவளுடைய அம்மா மெச்சவில்லை. துளசியைச் சுற்றி வராமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், பசியோடும் கோபத்தோடும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "எங்காத்துத் துளசி எங்கே?" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். தொட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே வாயாடி. அவளுடைய அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவள். அவள் கொண்டுவந்தது அடப்பங்கொடி, கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு ஓடுமே, அது. வேரைத் தேடிப் பிடுங்கப் போனாளாம், கொடி முடியவே இல்லையாம், முழுவதையும் தோளில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னா டீச்சர் இது, இழுக்க இழுக்க வந்துகினே கீது!" என்றாள். அதற்காகப் பெஞ்சுமேல் ஏறினாள். ஏறி நின்றபடியே கொடியைத் தொட்டுக் காட்டி, "திஸ் ஈஸ் எ ஸ்டெம். எ வெரி லாங் ஸ்டெம்" என்றாள். இடைவேளையில் எல்லோருமாக அந்தக் கொடியை வைத்துக் கயிறு தாண்டினார்கள். வேர், தண்டு, இலை மூன்றும் அந்த வருஷம் என் வகுப்பில் ஒருத்திக்கும் மறக்கவில்லை.

பூவில்தான் வந்தது வினை. பூவைப் பிரித்துப் பார்த்தால்தானே உள்ளே இருப்பது தெரியும்? மாட வீதிப் பெண்கள் பிரிக்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஸ்வாமிக்கு வைக்கிற பூவைப் பிய்க்கலாமா? முகர்ந்து பார்க்கக்கூட அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். ஒரு பெண் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் எதற்கோ பெஞ்சுமேல் நின்ற வாயாடி, ஏற்கெனவே ஏறியாயிற்று, இனி என்ன என்று தைரியமாகத் தமிழிலேயே பேசினாள். "இன்னாத்துக்கு அழுவுறீங்க? மீனு ஆயற மாதிரி ஆஞ்சிட்டா போவுது!" என்று கையில் இருந்த பூவை ஒரு நொடியில் ஆய்ந்து போட்டாள். அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவள் இன்னும் பலமாக அழுதாள்.

இந்தக் கூத்தையெல்லாம் தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் அகத்துக்காரரிடம் சொல்வேன். அவர் துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சாதுவான மனுஷர், சிரிப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார். நான் துளசித் தொட்டிக் கதையைச் சொன்ன அன்று, சமையலறையில் அம்மியில் ஓடிக்கொண்டிருந்த குழவிச் சத்தம் நின்றது. கதை முடிந்த பிறகுதான் மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்புறமும் பல நாள் இப்படி நடந்தது. மாமியாருக்குக் கை வலி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஒளித்து மறைத்து அல்ல, வாய்விட்டே சொன்னார். என் அப்பா பிடிவாதமாக என்னைப் படிக்க வைத்து, ஆசிரியைப் பயிற்சியும் முடிக்க வைத்துத்தான் புக்ககம் அனுப்பினார். வந்த புதிதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு மாமியார் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு வருஷம் வேலைக்குப் போகட்டும். வருஷக் கடைசியில இன்ஸ்பெக்டர் தொரசானி வருவாளாமே, அவ பார்த்து வேலையை நிரந்தரமாக் காயம் பண்ணிட்டா, நான் குறுக்கே நிக்கலை. பண்ணலேன்னா ஆத்தோட இருக்கட்டும். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

மாமனார் பேப்பரை மடித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எனக்கு அந்த வேலை வேண்டும். ஏன் என்று கேட்டால், அந்தக் கூச்சலும் கும்மாளமும் இல்லாமல் என்னால் இருக்க முடியாது, அதுதான் காரணம். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வரும். சனி, ஞாயிறு விடிந்தால் சப்பென்று இருக்கும். அந்த வாரக் கடைசியே வாழ்க்கை முழுக்க நீண்டால் நான் என்ன ஆவேன்?

மாமியார் தினம் காலையில் நான் கிளம்பும்போது ஏதாவது ஒன்று சொல்வார். "கொல்லையில பூத்துக் கெடக்கற பூவைப் பார்க்க ஆளில்லை, பள்ளிக்கூடத்துல போய்ப் பூ பார்க்கணுமாக்கும்." நான் பதில் சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்தால் வாய் நிற்காது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கிவிடுவேன். தெருமுனை போகும்வரை மனசுக்குள்ளேயே அவருக்கு நல்ல பதில்களாகச் சொல்லிக்கொண்டு போவேன்.

வருஷக் கடைசி வந்தது. துரைசானி வெள்ளிக்கிழமை வருகிறாள் என்று தலைமையாசிரியை சொன்னாள். என் வகுப்பில் பார்க்கப் போவது பூவின் பாகங்கள். குழந்தை ஒவ்வொன்றின் கையிலும் ஒரு பூ இருக்க வேண்டும், கரும்பலகைப் படம் செல்லாது, நேர்முறைக்கு நிஜப் பொருள்தான் வேண்டும். "உன் வேலை இதில்தான் இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடையாற்றுப் பக்கம் ஒரு தோட்டத்தில், எங்களுக்குத் தெரிந்தவர் மேஸ்திரியாக இருந்த இடம், சொல்லி வைத்து ஒரு கூடை செம்பருத்தி மொட்டு பறித்தேன். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது, அதனால் வெயில் தாழ்வதற்குள்ளேயே பறித்து ஜட்காவில் வீடு வந்து சேர்ந்தேன். செம்பருத்தியைப் போலப் பாடத்துக்கு ஏற்ற பூ கிடையாது. பச்சைக் கிண்ணம் மாதிரி செப்பல், பெரிய சிவப்பு இதழ்கள், நடுவில் நாக்கை நீட்டினாற்போல் ஸ்டேமன், அதன் நுனியில் பிஸ்டில். குருடனுக்கும் தெரியும். மொட்டை முதல் நாள் பறித்தாலும் மறுநாள் காலையில் தானாக மலர்ந்துவிடும். ஈரத்துணியால் மூடிக் கூடையைக் கிணற்றடி நிழலில் வைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டில் எண்ணெய் ஸ்நானம். குளித்து, சமையலில் கை கொடுத்து, தலை ஈரம் காயாமலே புடைவை கட்டிக்கொண்டு ஓடி வந்தால், கிணற்றடியில் கூடை காலி. மாமியார் கூடத்திலிருந்து வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வெச்சிருக்கேன். நாழியாச்சு, கிளம்பு. நசுக்கிடாதே."

கூடைக்குப் பதில் இலையில் எடுத்து வைத்திருக்கிறார், இதுவாவது செய்தாரே என்று நினைத்துக்கொண்டு நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

நான் உள்ளே நுழையும்போதே துரைசானியின் மோட்டார் வாசலில் நின்றது. வகுப்பில் குழந்தைகள் பலகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். துரைசானி, நெட்டையான, வெள்ளை கவுன் போட்ட, வெயிலில் மூக்கு சிவந்த ஒரு அம்மாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலைமையாசிரியை. நான் வணக்கம் சொல்லிவிட்டு மேஜைமேல் பொட்டலத்தை வைத்துப் பிரித்தேன்.

மாலை! நெருக்கமாகக் கோத்த, கொழுகொழுவென்று ஒரு செம்பருத்தி மாலை. ஒரு பச்சை தெரியவில்லை. ஒரு நாக்கு தெரியவில்லை. மாமியார் கைத்திறனைத்தான் என்னவென்று சொல்வது! காம்பைக் கிள்ளி, பச்சைக் கிண்ணத்தைக் கழற்றி, நடுநாக்கைக் கிள்ளி எறிந்து, வெறும் சிவப்பு இதழ்களாக ஊசியில் கோத்திருந்தார். எங்கள் வீடுகளில் மாலை கட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பச்சை தெரிந்தால் அழகு போய்விடும், நாக்கை விட்டால் மகரந்தம் உதிர்ந்து துணியில் கறையாகும். என் பாடம் மொத்தமும் எங்கள் வீட்டுக் கொல்லையில் குப்பையாகக் கிடந்தது!

நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை மாலையைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்தது. "ஆ, என்ன அருமையான ஏற்பாடு!" என்று இங்கிலீஷில் சொல்லி, மாலையைத் தூக்கி அப்படியே துரைசானியின் கழுத்தில் போட்டுவிட்டாள். குழந்தைகள் கை தட்டினார்கள். துரைசானி சந்தோஷமாகத் தலையைக் குனிந்து நிமிர்ந்தாள்.

"இப்போது பாடத்தை ஆரம்பிக்கலாம்" என்றாள். "பூக்கள் எங்கே?"

பூக்கள் எங்கேயா? உன் கழுத்தில்தானம்மா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பழி வாங்கிவிட்டார், ஒரு வருஷம் காத்திருந்து சரியான நாளில் பழி வாங்கிவிட்டார் என்று உள்ளுக்குள் கொதித்தேன். என் வேலை போயிற்று. நாளையிலிருந்து கிணறும் அம்மியும்தான். கண்ணில் முட்டிய நீரை அடக்கிக்கொண்டு கதவோரம் நின்ற பள்ளிக்கூடத்து ஆயாவிடம் போய், காதோடு காதாக, "எங்காத்துக்கு ஓடு. கொல்லையில ஒரு செம்பருத்தியாவது இருந்தா பறிச்சுண்டு வா" என்றேன். தமிழில்தான். தலைமையாசிரியையின் கண் கண்ணாடிக்கு மேலே ஏறியது.

எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அதுவரை எப்படியாவது ஓட்ட வேண்டும். எழுந்திரு, உட்கார், இது ஜன்னல், அது கதவு, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, தென்னைமரம், தென்னைமரத்துக்குத் தண்டு எது, இலை எது என்று எதையெதையோ கேட்டேன். குழந்தைகளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கத்திப் பதில் சொன்னார்கள். துரைசானி பொறுமையாகக் கேட்டாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "தென்னைமரம் நன்றாக இருக்கிறது. பூவுக்கு வரலாமே" என்றாள்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஏண்டி! பூதானே கேட்டே? செடியில இருந்த பூவெல்லாம் ஸ்வாமிக்கு வெச்சாச்சேடி! இதுதான் இருக்கு, இது ஆகுமா பாரு!"

ஆயாவுக்கு முன்னால் என் மாமியார் வந்துகொண்டிருந்தார். மடிசார்ப் புடைவை, எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிந்த ஈரத்தலை, கையில் முறம். மடி, விழுப்பு என்று தீட்டுப் பார்த்துத் தெருவில் நடக்கும்போதே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறவர், அத்தனை ஜாதிக் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நேராக நுழைந்து நடுவில் வந்து நின்றார். குழந்தைகள் மொத்தமும் எழுந்து நின்றன. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமையாசிரியைக்கும் தெரியவில்லை.

முறத்தில் வாழை இலை. இலையில் ஒரு பக்கம் பச்சைக் கிண்ணங்கள் ஒரு குவியல், இன்னொரு பக்கம் மஞ்சள் பொட்டு வைத்த நாக்குகள் ஒரு குவியல். பூவில் கழித்ததைக் கால்படும் இடத்தில் எங்கள் வீட்டில் கொட்டமாட்டோம். மரத்தடியில் போடுவதற்காக இலையில் எடுத்து வைத்திருந்ததை அப்படியே முறத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

மாமியாரின் கண் துரைசானியின் கழுத்துக்குப் போனது. "ஆஹா, நன்னா இருக்கே! வெள்ளைத் துணிக்கு எடுப்பா இருக்கு" என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நேராகத் துரைசானியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவளைக் கோவிச்சுக்காதேங்கோ. மாலை கட்டினது நான். இவளுக்குத் தெரியாது. பெரிய மனுஷாளைப் பார்க்க வெறுங்கையோட அனுப்பப்படாதேன்னு விடிகாலையில எழுந்து நானாத்தான் கட்டினேன். இவ வேலை நிலைக்கணும்னு வேண்டிண்டே கட்டினேன். வருஷம் பூரா இந்தக் குழந்தைகள் கதைதான் எங்காத்துல. அது நின்னுபோச்சுன்னா எங்களுக்கு என்ன இருக்கு? தப்பு என்னுது. வேலையை மட்டும் எடுத்துடாதேங்கோ."

துரைசானிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. அந்தச் சாயங்காலங்களில் அம்மி நின்றது கை வலியால் அல்ல என்பதும் புரிந்தது.

துரைசானி மாமியாரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, எழுந்து முறத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு பச்சைக் கிண்ணத்தை இரண்டு விரலால் எடுத்தாள். "ஆ! செப்பல்! இங்கே ஸ்டேமன்! முன்னமே பிரித்து வைத்திருக்கிறீர்களே, பேஷ்!" என்று என்னிடம் சொன்னாள். ஏற்பாடே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. குழந்தைகள் வரிசையாக வந்து முறத்திலிருந்து ஒன்றை எடுத்து, திஸ் ஈஸ் எ செப்பல், திஸ் ஈஸ் எ ஸ்டேமன் என்று சொன்னார்கள். மாமியார் முறத்தைப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் நீட்டுவதைப் போல ஒவ்வொரு குழந்தைக்கும் நீட்டினார். இதழ் கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள். இதழ்கள் துரைசானியின் கழுத்தில் அல்லவா இருந்தன? வாயாடிப் பெண் மட்டும் தயங்கவே இல்லை. துரைசானியின் முன்னால் போய் நின்று, மாலைமேல் விரலை வைத்து, "திஸ் ஈஸ் எ பெட்டல். ஐ ஆம் டச்சிங் தி பெட்டல்" என்று கணீரென்று சொன்னாள். தலைமையாசிரியைக்கு மூச்சு நின்றுவிட்டது. துரைசானி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாலையின் நூலை அவளே அறுத்து, குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பூவாக உருவிக் கொடுத்தாள். ஒன்றாகச் சேர்த்துக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றாள்.

பூவைப் பிரிக்க மாட்டேன் என்று அழுத மாட வீதிப் பெண்களுக்கு இது பிடித்துப்போயிற்று. பிய்ப்பதுதானே பாவம், சேர்ப்பது புண்ணியம். உள்ளங்கையில் பச்சைக் கிண்ணத்தை வைத்து, அதற்குள் சிவப்பு இதழை நிறுத்தி, நடுவில் நாக்கைச் சொருகி, ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பெயர் சொல்லி முழுப் பூவாக நீட்டினார்கள். முன்பு அழுத பெண்தான் முதலில் செய்து முடித்தாள். துரைசானியின் வெள்ளை கவுன் முழுவதும் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

போகிற நேரத்தில், முறத்தோடு ஓரமாக நின்ற மாமியாரைக் காட்டி என்னிடம் கேட்டாள், "இந்த அம்மாள் உங்கள் தாயாரா?"

"எஸ், மேடம்" என்றேன்.

துரைசானி மாமியாருக்குக் கை கூப்பிவிட்டு வெளியே போனாள். மாமியார் பதறி, "என்னடி கேட்டா? என்ன சொன்னே? வேலை உண்டா இல்லையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாயாடி முந்திக்கொண்டாள்.

"வேலையப் பத்தி ஒண்ணும் கேக்கல பாட்டிம்மா. நீங்க டீச்சருக்கு அம்மாவான்னு கேட்டாங்க. டீச்சர் ஆமான்னுட்டாங்க."

தமிழில் பேசியதற்காக அவளை அன்று யாரும் பெஞ்சுமேல் ஏற்றவில்லை. மாமியார் முறத்தைத் தட்டிச் சுத்தம் செய்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் மறுபடியும் தலைக்குக் குளித்தாராம், மாமனார் சொன்னார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் யாரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பயம்தான். ஒருநாள் மத்தியானம் தலைமையாசிரியை கூப்பிட்டு, என் வேலை காயமாகிவிட்டது என்று சொன்னாள். இங்கிலீஷில் சொல்லிவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சந்தோஷம்தானே?" என்று தமிழில் கேட்டாள். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன்.

மாமியார் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "காயமாயிடுத்து" என்றேன். அவர் நிமிரவில்லை. "அதான் வாசப்படி ஏறும்போதே தெரிஞ்சுதே" என்றார். நானும் எதிரில் உட்கார்ந்து கீரையில் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அன்னிக்கு அந்தத் தொரசானி கேட்டாளே" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். "மாமியார்ங்கறதுக்கு அவா பாஷையில வார்த்தை கிடையாதா?"

"இருக்கு."

"பின்னே அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"வாயில வரலை."

அவர் ஒரு தண்டை நாலாக முறித்தார். முறித்ததையே மறுபடி முறித்தார்.

"குழந்தைகளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக்குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லை."

"சொல்லிக்குடுக்காதே" என்றார்.